கம்பெனி அழுக்கும் கை அழுக்கும்

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. மரியாதைக்காக இல்லை. எழுதினால் படிக்கிறவர்களுக்கு அவர் பெயர்தான் நினைவில் நிற்கும், என் பெயர் நிற்காது. அவர் எங்கள் ஊர்ப் பக்கத்தை விட்டுப் போய் மூன்று வருஷம் ஆகிறது. எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல் தீரவில்லை.

சித்தூரில் ஒரு மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் அவருக்கு வேலை. கூழ் அடைத்த டின்களைச் சோதிப்பது. சீசன் நேரத்தில் கங்காதர நெல்லூர் பக்கத்துத் தோப்புகளிலிருந்து லாரி லாரியாகக் காய் வந்து இறங்கும். காலையிலிருந்து சாயந்தரம் வரை அவர் கண் முன்னால் டின் போய்க்கொண்டே இருக்கும். நசுங்கல், துருப் புள்ளி, மூடி மடிப்பில் மயிரிழை இடைவெளி, எதைக் கண்டாலும் எடுத்துத் தனியாக வைத்துவிடுவார். வைப்பதோடு நிறுத்தமாட்டார். அந்த நசுங்கல் எந்த இடத்தில், எதில் இடித்து வந்தது என்று கண்டுபிடிக்கிற வரைக்கும் அவருக்குச் சோறு இறங்காது.

சனிக்கிழமைதோறும் சாம்பிள் டின்களைத் திருப்பதியில் ஒரு பரிசோதனைக் கூடத்துக்கு எடுத்துவருவார். அப்படி வந்த ஒரு நாள், படிக்கிற கண்ணாடிக்காக என் கடைக்குள் நுழைந்தார். பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் என் மூக்குக் கண்ணாடிக் கடை. ஷோகேசில் ஃபிரேம்களுக்கு நடுவே என் ரயில் எஞ்சின் மாடல்கள் இரண்டு மூன்று நிற்கும். பொம்மை இல்லை, மாடல். நிஜ எஞ்சினை எண்பத்தேழில் ஒரு பங்காகச் சுருக்கி, ஒரு சாண் நீளத்தில் செய்தது.

புதுக் கண்ணாடியை மாட்டிவிட்டு, படித்துப் பார்க்க அட்டையை நீட்டினேன். அவர் அட்டையைக் கீழே வைத்தார். ஷோகேசுக்குக் குனிந்தார். பத்து நிமிஷம் குனிந்தபடியே இருந்தார். பிறகு கேட்டார்.

"இந்த அழுக்கு எத்தால வந்துச்சுண்ணா?"

எதனால் வந்தது என்று கேட்கிறார். அதற்குப் பிறகு நாலு வருஷம் அந்த ஒரு கேள்வியைத்தான் நான் அவர் வாயிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த எஞ்சினைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய டீசல் எஞ்சின், நைனா ஓட்டிய அதே ரகம். நைனா என்றால் என் அப்பா. பாகாலா, சித்தூர், காட்பாடி வழியிலும் கூடூர் வழியிலும் முப்பது வருஷம் டீசல் ஓட்டிய டிரைவர். அந்த ரகத்தை ஒரு கம்பெனி மாடலாகக் கொண்டுவந்தது என்று தெரிந்ததும், முதல் ஆளாகச் சொல்லிவைத்து வாங்கினேன். அதிலும் 'வெதர்டு' பதிப்பு. அதாவது புது எஞ்சினுக்குக் கம்பெனியே புகையும் துருவும் தூசும் பூசி, பத்து வருஷம் ஓடின முகத்தோடு அனுப்புவது. கையில் எடுத்தால் இரும்பின் கனம். கைப்பிடிக் கம்பி ஒவ்வொன்றும் தனியாகப் பொருத்தியது. பக்கவாட்டு வலைக்குப் பின்னால் விசிறி தெரியும். பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் எண்ணை லென்ஸ் வைத்துப் படிக்கலாம், ஓர் எழுத்துகூடப் பிசிறியிருக்காது.

எங்கள் ஊரில் மாடல் ரயில் பைத்தியங்கள் நாங்கள் ஐந்தாறு பேர். மாதத்தில் ஒரு ஞாயிறு யாராவது ஒருவர் வீட்டு மாடியில் கூடித் தண்டவாளம் போடுவோம். யார் எதைக் கொண்டுவந்தாலும் மற்றவர்கள் "பாகுந்தி, பாகுந்தி" என்று தெலுங்கில் மெச்சிவிட்டுக் காப்பி குடிப்போம். அதுதான் எங்கள் நாகரிகம். அந்தக் கூட்டத்தில் என் எஞ்சினுக்குத்தான் முதல் மரியாதை. இவர் வருகிற வரைக்கும்.

"புகை, தூசு, துரு. ஓடின எஞ்சினுக்கு வர்றதுதான்" என்றேன்.

அவர் எஞ்சினை வாங்கி இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார்.

"ரெண்டு பக்கமும் ஒரே மாரி கீதேண்ணா. வெயில் ஒரு பக்கந்தான அடிக்கும்? டீசல் ரொப்புறது ஒரு பக்கந்தான? தூசுன்னா எந்த ஊரு தூசு? பாகாலா பக்கம் செம்மண்ணு. கூடூர் பக்கம் மணலு."

கூரையின் நடுவில் இருந்த துருவைக் காட்டி, டின்னில் துரு எப்போதும் மடிப்பில்தான் ஆரம்பிக்கும், நட்டநடுவில் ஆரம்பிக்காது என்றார். மட்டம் தட்டுகிற குரலில் சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். அவருக்கு உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசை. அதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது.

இங்கே என் குட்டையும் உடைத்துவிடுகிறேன். எனக்கு நிறம் சரியாகத் தெரியாது. சிவப்பும் பச்சையும் பழுப்பும் எனக்கு ஒன்றோடொன்று கலந்துவிடும். ரயில்வேயில் உதவி டிரைவர் வேலைக்குப் போனபோது, புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் புத்தகத்தைக் காட்டினார்கள். எனக்குப் புள்ளிகள்தான் தெரிந்தன. நைனா வாசலில் காத்திருந்தார். ஃபெயில் என்றேன். சரி வா என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார். வீடு வரைக்கும் பேசவில்லை. அப்புறமும் அதைப் பற்றி ஒரு நாளும் பேசவில்லை. நான் கண்ணாடிக் கடை வைத்தேன். கண்ணுக்கு நம்பர் பார்க்க நிறம் வேண்டியதில்லை. எஞ்சினுக்கு அழுக்குப் பூசத்தான் நிறம் வேண்டும், அதனால்தான் நான் கம்பெனி பூசி அனுப்பியதை வாங்கினேன். இது எங்கள் கூட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது.

அவருக்கு மட்டும் தெரிந்துபோனது. அதுவும் நான் சொல்லாமல்.

ஒரு சனிக்கிழமை காலையில் அலிபிரியிலிருந்து நடந்தே திருமலைக்கு ஏறினோம். பெண்கள் ஒவ்வொரு படிக்கும் குனிந்து மஞ்சளும் குங்குமமும் வைத்துக்கொண்டே ஏறுவது வழக்கம். நான் எத்தனையோ முறை ஏறியிருக்கிறேன், படியைப் பார்த்ததில்லை, கால் வலிக்கிறதா என்றுதான் பார்த்திருக்கிறேன். இவர் படிக்குப் படி நின்றார். கீழ்ப் படிகளில் பொட்டு வட்டமாக, நடுவில் இருக்கிறதாம். ஏற ஏற ஓரத்துக்கு நகர்கிறதாம், இழுபட்டு நீள்கிறதாம். உயரே காலி கோபுரத்துக்கு முன்னால் வெறும் விரல் தீற்றல்தானாம். "எல்லாம் இடுப்பு வலிண்ணா" என்றார். அவ்வளவு பேருடைய இடுப்பு வலியையும் இந்த மனிதர் படியில் படித்துவிட்டார்.

பாசி படிந்த ஒரு படியைக் காட்டி, இதில் யாரோ புதிதாக வைத்திருக்கிறார்கள் பாருங்கள் என்றார். பார்த்தேன். பச்சைப் பாசிமேல் சிவப்புக் குங்குமம். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆமாம் ஆமாம் என்றேன், கையைத் தப்பான இடத்தில் நீட்டிக்கொண்டு. அவர் என் கையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், மேலே ஏறத் தொடங்கினார்.

அன்றிலிருந்து என்னிடம் பேசும்போது அவர் நிறத்தின் பெயரைச் சொல்வதை விட்டுவிட்டார். 'இங்க மங்கல்', 'இங்க சொரசொரப்பு', 'இது ஈரத்தால வந்த கோடு' என்று தடவிப் பார்த்துத் தெரிந்துகொள்கிற மாதிரி சொல்வார். கூட்டத்தில் மற்றவர்கள் நிறத்தைப் பற்றி ஆரம்பித்தால் பேச்சை வேறு பக்கம் திருப்புவார். நான் நன்றி சொல்லியிருக்க வேண்டும். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. ஒருவன் நம்மைவிடக் கெட்டிக்காரனாக இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம், நல்லவனாகவும் இருந்தால் என்ன செய்வது?

ஒருமுறை ஓட்டலில் தோசை வந்தது. அவர் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இந்த ஓட்டலில் கல்லுக்கு இடது பக்கம் அடுப்பு எரியவில்லை என்றார். சரக்கு மாஸ்டர் அதைக் கேட்டுவிட்டு வெளியே வந்து இவரைக் கும்பிட்டுப் போனான். அன்று எனக்கு வந்த தோசை கருகியிருந்தது. என்னை யாரும் கும்பிடவில்லை.

இதெல்லாம்கூடப் போகட்டும். என் நெஞ்சில் முள்ளாகக் கிடப்பது நைனா விஷயம்.

அம்மா போன பிறகு நைனா பேச்சைக் குறைத்துக்கொண்டார். காலையில் பேப்பர், மத்தியானம் சோறு, சாயந்தரம் ஜன்னல். என் மனைவி ஏதாவது கேட்டால் தலையசைப்பார், நான் கேட்டால் அதுவும் இல்லை. அந்த எஞ்சினை நான் வாங்கியதே அவர் வாயைத் திறக்க வைக்கத்தான். பெட்டியைப் பிரித்து அவர் மடியில் வைத்தேன். கையால் தூக்கிப் பார்த்தார். "கனமா கீதுடா" என்றார். அப்புறம் "நல்லா கீது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு ஜன்னலுக்குத் திரும்பிக்கொண்டார். இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் வீடு வரைக்கும் பேசாமல் நடந்த அதே முதுகு. மறுநாளே அந்த எஞ்சின் என் கடை ஷோகேசுக்குப் போய்விட்டது.

இவர் அதே மாதிரி எஞ்சின் ஒன்றைத் தானே செய்யப் போவதாகச் சொன்னபோது நான் உள்ளுக்குள் சிரித்தேன். எங்கிருந்தோ மலிவான பிளாஸ்டிக் உடம்பு ஒன்றை வாங்கினார். கதவுகூடத் தனியாக இல்லை, கோடுதான் போட்டிருந்தது. கைப்பிடிகளுக்கு மெல்லிய கம்பி வளைத்தார். படிகளையும் பக்கவாட்டு வலையையும் ஃபேக்டரியில் கழித்துப் போட்ட டின் தகட்டில் வெட்டினார். வேலைப்பாட்டில் என்னுடையதன் காலடியில்கூட அது நிற்காது. அதை நான் சத்தியம் செய்து சொல்வேன்.

சந்தேகம் கேட்க என் வீட்டுக்கு வந்தார். நைனாவிடம் கேட்கலாமா என்றார். தாராளமாகக் கேளுங்கள், பதில் வராது என்றேன்.

எஞ்சின் எப்படி இருக்கும் என்று அவர் கேட்கவே இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "நைனா, ஏறும்போது எந்தக் கால முதல்ல வெப்பீங்க?" என்றார். என் நைனாவை அவரும் நைனா என்றுதான் கூப்பிட்டார். நைனா அவரை ஏற இறங்கப் பார்த்தார். தன் கால்களைப் பார்த்தார். "இடது" என்றார். பிறகு, "மழையில சோத்துக்கால்" என்றார். பிறகு மழையில் மட்டும் வலது ஏன் என்று அரைமணி நேரம் சொன்னார். காப்பி கொண்டுவந்த என் மனைவி வாசற்படியிலேயே தம்ளரோடு நின்றுவிட்டாள்.

அதன்பிறகு சனிக்கிழமை என்றால் நைனா காலையிலேயே சவரம் செய்துகொண்டு உட்கார்ந்துவிடுவார். டீக்கறை எங்கே விழும், வெற்றிலை எச்சில் எந்தப் பக்கம் துப்புவார்கள், மணல் பெட்டியை ரொப்பும்போது எங்கே சிந்தும், எந்த ஸ்டேஷனில் நிழல் எந்தப் பக்கம், எல்லாம் வந்தது. நான் முப்பது வருஷம் அந்த மனிதர் வாயிலிருந்து எதிர்பார்த்த பேச்சு முழுக்க, டின் சோதிக்கிற ஒருவர் காதுக்குப் போனது. நான் கடையை மூடிவிட்டு வந்து அடுக்களையிலிருந்து திருட்டுத்தனமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

எஞ்சின் முடிந்து வந்த நாள் நைனா அதை இரண்டு கையாலும் வாங்கினார். நல்லா கீது என்று சொல்லவில்லை. டீசல் டாங்கி மூடிக்குக் கீழே வழிந்திருந்த கறையை விரலால் தொட்டு, விரலை மூக்குக்குக் கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார். எனக்கு அப்படியே எழுந்து போய்விடலாம் போல இருந்தது. டின் தகட்டுப் படியில் துரு நிஜமாகவே பிடிக்க ஆரம்பித்திருந்தது. இவர் கொண்டுபோகவே இல்லை, எஞ்சினை நைனாவிடமே விட்டுவிட்டார்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் மத்தியானம். கடைக்கு லீவு விட்டு நான் வீட்டில் இருந்தேன். அவரும் வந்திருந்தார். எஞ்சின் ஷெட்டில் ஆயுத பூஜை எப்படி நடக்கும் என்று நைனா சொல்லிக்கொண்டிருந்தார். வருஷம் பூராவும் அழுக்கில் கிடக்கிற எஞ்சினை அன்றைக்குத்தான் தேய்த்துக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பார்களாம். சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார்.

"என் புள்ள கண்ணு டெஸ்ட்டுல போயிட்டான் இல்ல, நான் வருத்தப்பட்டேன்னு நெனச்சிக்கினுகீறான் அவன். எனக்கு நிம்மதியா இருந்துச்சுப்பா. ஒவ்வொரு கேட்டுலயும் எவன் குறுக்க வருவானோன்னு பயந்துக்கினேதான் ஓட்னேன். ரெண்டு பேரு வந்தும்கீறாங்க. அது இவனுக்கு வாணாம்னு சாமிக்கு தேங்கா ஒடச்சேன்."

நான் அடுக்களையில் சோம்பு டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அது நல்ல செய்தி. கேட்டவுடன் ஓடிப்போய் நைனா காலைப் பிடித்திருக்க வேண்டிய செய்தி. ஆனால் எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான். இதை ஏன் அவரிடம் சொன்னீர்கள்? என்னிடம் சொல்ல வேண்டியதை, இருபத்தைந்து வருஷம் நான் காத்திருந்ததை, ஏன் அவரிடம் சொன்னீர்கள்?

மறுநாள் காலையில் கடையில் பூஜைக்காக எல்லாவற்றையும் துடைத்தேன். லென்ஸ் தீட்டும் மெஷின், நம்பர் பார்க்கும் பெட்டி, கத்தரிக்கோல், ஸ்கூட்டர். வீட்டுக்கு வந்தபோது சட்டைப் பையில் அசிட்டோன் பாட்டில் இருந்தது. லென்சில் கம்பெனிக்காரன் போட்டு அனுப்பும் குறிகளை அழிக்க நாங்கள் வைத்திருப்பது. தெரியாமல் வந்துவிட்டது என்று சொல்ல முடியாது. நைனா குளிக்கப் போனார். நான் பஞ்சை நனைத்து, இவர் செய்து கொடுத்த எஞ்சினைத் துடைத்தேன். மூன்று மாச வேலை பத்து நிமிஷத்தில் பஞ்சுக்கு வந்துவிட்டது. செம்மண், புகை, டீசல் வழிந்த கோடு எல்லாம். எனக்குப் பஞ்சு முழுக்க ஒரே நிறமாகத்தான் தெரிந்தது. அசிட்டோன் பட்டால் பிளாஸ்டிக் இளகும் என்பது கண்ணாடிக் கடைக்காரனுக்குத் தெரியாதா? அவசரத்தில் அழுத்திப் பிடித்துவிட்டேன். டிரைவர் ஏறும் கதவுக்குப் பக்கத்தில் என் கட்டைவிரலின் ஓரம் பதிந்துவிட்டது. நாலே நாலு ரேகை.

பொட்டு வைத்துப் பூஜையில் மற்றச் சாமான்களோடு அதையும் வைத்தேன். ஆயுத பூஜைக்குக் கழுவிவிட்டேன், சோப்புத் தண்ணீரில் சாயம் போய்விட்டது என்று சொன்னேன். நம்ப முடியாத பொய் இல்லை. அன்றைக்கு எங்கள் பக்கத்தில் ஒரு சுத்தியலைக்கூடக் கழுவாமல் விடமாட்டார்கள்.

"கழுவிட்டியா" என்றார் நைனா. திட்டவில்லை. எஞ்சினை அலமாரியில் வைத்துவிட்டு ஜன்னலுக்குப் போனார். அந்த வாரம் முழுக்க அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பொறாமையில் நான் இவருடைய எஞ்சினை அழித்ததாக நினைத்தேன், அழித்தது நைனாவின் பேச்சை என்பது மூன்றாம் நாள்தான் எனக்கு உறைத்தது. அவர் சாப்பிட்ட தட்டை எடுக்கும்போது ஏதாவது சொல்லுங்கள் நைனா என்று கெஞ்சிக்கூடப் பார்த்தேன்.

சனிக்கிழமை இவர் வந்தார். நைனாவின் முகத்தைப் பார்த்தார், அலமாரியைப் பார்த்தார். எஞ்சினை எடுத்துக்கொண்டு வெளிச்சத்துக்கு வந்தார். என் சட்டைப் பையிலிருந்த லென்சைக் கேட்டு வாங்கினார். கதவுப் பக்கத்தில் லென்ஸ் நின்றுவிட்டது. நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. இதோ கேட்கப் போகிறார், எத்தால வந்துச்சு என்று கேட்கப் போகிறார், கேட்டால் மறைக்காமல் சொல்லிவிடுவது என்று நானும் முடிவு பண்ணிக்கொண்டேன்.

"சோப்புத் தண்ணியாண்ணா?" என்றார்.

"ஆமா" என்றேன்.

லென்சைச் சட்டை நுனியால் துடைத்து என்னிடம் கொடுத்தார். எஞ்சினைத் துணிப்பையில் போட்டுக்கொண்டார். நைனாவிடம் போய், கழுவின எஞ்சின் மறுபடி ஓடி அழுக்காக வேண்டாமா, ஒரு மாசம் டைம் கொடுங்கள் என்றார். தோசைக்கும் படியில் இருந்த பொட்டுக்கும் யாரோ முகம் தெரியாதவர்கள் இடித்த டின்னுக்கும் காரணம் கேட்ட மனிதர், அதற்கு மட்டும் கேட்கவில்லை.

ஒரு மாசம் கழித்துக் கொண்டுவந்தார். இந்த முறை ஆயுத பூஜை முடிந்து ஒரு மாசம் ஓடின எஞ்சின். சந்தனப் பொட்டு முகப்பில் பாதி உதிர்ந்திருந்தது. வாழைக்கன்று கட்டின கயிற்றின் துண்டு ஒன்று கைப்பிடியில் நூலாகத் தொங்கியது. கழுவின பளபளப்பின்மேல் லேசாகத்தான் தூசு. நைனா மடியில் வைத்துக்கொண்டு முகப்பிலிருந்து ஆரம்பித்து விரலால் தடவிக்கொண்டே வந்தார். கதவுப் பக்கம் வந்ததும் விரல் நின்றது. கண்ணுக்குக் கிட்டத்தில் கொண்டுபோனார்.

"டேய், இங்க வாடா" என்றார். என்னைத்தான்.

போனேன். என் விரல் பதிந்த அந்த நாலு கோட்டையும் இவர் அழிக்கவில்லை. தேய்த்துச் சமன் செய்து பூசியிருந்தால் அடையாளமே தெரிந்திருக்காது. அதற்குப் பதிலாகக் கோடுகளுக்குள் எண்ணெய்க் கறை ஏற்றியிருந்தார். எஞ்சினின் அந்தச் சின்ன அளவில் பார்த்தால், கைப்பிடிக்குப் பக்கத்தில் யாரோ எண்ணெய்க் கையை ஊன்றி ஏறினது மாதிரி இருந்தது.

"இது என் கைடா" என்றார் நைனா. "எண்ணக் கையோட இங்கதான் ஊணி ஏறுவேன். நாலு வெரலும் உழுந்துகீது பாரு. எவ்ளோ கழுவுனாலும் அது மட்டும் போவாது." பிறகு அவரிடம், "இத்த நான் உனக்கு சொல்லவே இல்லியேப்பா, எப்பிடி தெரியும்?" என்று கேட்டார்.

"நான் போடல நைனா. அதுவா உழுந்துச்சு" என்றார் அவர்.

நைனா என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தார். அன்றைக்குப் பேசினதெல்லாம் என்னிடம்தான். கேட்டில் குறுக்கே வந்த அந்த இரண்டு பேரைப் பற்றியும், தேங்காய் உடைத்ததைப் பற்றியும். எனக்கு ஏற்கெனவே தெரியும் என்று நான் காட்டிக்கொள்ளவில்லை. இவர் எப்போது எழுந்தார் என்று தெரியாது. திரும்பிப் பார்த்தபோது வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். எழுந்து போனேன்.

"மத்ததெல்லாம் நான் பூசுனதுண்ணா" என்றார் அவர் மெதுவாக. "அது ஒண்ணுதான் நெஜமா பட்டது. அதான் வுட்டுட்டேன்."

அப்புறம் ஒரு வருஷம் நைனா இருந்தார். காரியத்துக்கு இவர் சித்தூரிலிருந்து வந்து, பந்தலில் கடைசி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டுப் போனார். எஞ்சினைப் பற்றிக் கேட்கவில்லை. பிறகு ஃபேக்டரிக்காரர்கள் அவரைக் குஜராத் பக்கம் அனுப்பிவிட்டதாக எங்கள் கூட்டத்தில் சொன்னார்கள். வழியனுப்ப எல்லோரும் ரேணிகுண்டா ஸ்டேஷனுக்குப் போனார்கள். நான் கடையில் ஆள் இல்லை என்று சொல்லிவிட்டேன். ஆள் இருந்தது.

இப்போது ஷோகேசில் இரண்டு எஞ்சினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. கம்பெனி அழுக்கு ஒன்று, அவர் அழுக்கு ஒன்று. வருகிறவர்கள் எல்லோரும் இரண்டாவதைத்தான் குனிந்து பார்க்கிறார்கள். என்னுடையதைக் கையில் எடுத்துக் கொடுத்தாலும் அதைப் பிடித்துக்கொண்டே மற்றதைத்தான் பார்க்கிறார்கள். வேலைப்பாட்டில் என்னுடையதுதான் உசத்தி என்று இன்றைக்கும் அடித்துச் சொல்வேன், யாரும் கேட்பதில்லை.

கடையில் கூட்டம் இல்லாத மத்தியானங்களில் லென்சை எடுத்து நானும் அதைத்தான் பார்க்கிறேன். செம்மண் எது, புகை எது, சந்தனம் எது என்று எனக்குத் தெரியாது, எல்லாம் ஒரே மங்கல். அந்த எஞ்சினில் எனக்கு முழுசாகத் தெரிகிற அழுக்கு ஒன்றே ஒன்றுதான், கதவோரத்தில் இருக்கும் நாலு கோடு. யாராவது காட்டிக் கேட்டால் எங்கள் நைனாவின் கை என்று சொல்கிறேன்.